சிகரெட்டை நிறுத்திப் பதினான்கு மாதம்: டெர்ம் பாலிசியின் பிரீமியம் குறையுமா?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவருக்கு வயது 39. பதினைந்து ஆண்டுகளாக நாளொன்றுக்குப் பத்து சிகரெட் வரை பிடித்தவர், நிறுத்திப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பு, தாம் புகைப்பவர் என்பதை உள்ளபடியே சொல்லி, ஒரு கோடி ரூபாய்க்கு டெர்ம் பாலிசி (பாலிசிக் காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுத்திருக்கிறார். அந்தப் பிரீமியத்தைக் குறைக்க வழி உண்டா, அல்லது புதிதாக இன்னொரு பாலிசி எடுப்பது மேலா என்று கேட்கிறார். “பழைய கதையெல்லாம் எதுக்கு சார், புகைப்பழக்கம் ‘இல்லை’ன்னு போட்டுடலாம்” என்று முகவர் ஒருவர் சொன்னதையும் எழுதியிருக்கிறார். சிகரெட் நினைப்பு வரும்போது இரண்டு மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் மெல்லுவதாகக் கடைசியில் ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. காப்பீட்டு நிறுவனத்தில் முன்மொழிவுகளை, அதாவது பாலிசி கேட்டு வரும் விண்ணப்பங்களை, மதிப்பிடும் பிரிவில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கடைசி வரிதான் முதலில் கண்ணில் பட்டது. அதற்கு வருமுன் சில அடிப்படைகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் கையில் இருக்கும் பாலிசி. இந்தியாவில் விற்கப்படும் டெர்ம் பாலிசிகளில் பிரீமியம், பாலிசி எடுக்கும் நாளன்றே முடிவாகிவிடுகிறது. அன்றைய வயது, அன்றைய உடல்நிலை, அன்றைய பழக்கம் ஆகியவற்றை வைத்துப் போட்ட தொகையே கடைசி ஆண்டு வரை தொடர்கிறது. அடுத்த ஆண்டே சர்க்கரை நோய் வந்தாலும் நிறுவனம் அதை உயர்த்துவதில்லை. அதே நியாயத்தில், சிகரெட்டை விட்டாலும் அது தானாக இறங்குவதில்லை. அமெரிக்காவில் ஓராண்டு புகையிலையைத் தொடாதவர் மறுபரிசோதனைக்கு விண்ணப்பித்து, அதே பாலிசியிலேயே புகைக்காதவருக்கான விகிதத்துக்கு மாறுவது பல நிறுவனங்களில் வழக்கமாக இருக்கிறது. இங்கே பெரும்பாலான பாலிசி ஒப்பந்தங்களில் அப்படியொரு பிரிவு கிடையாது. உங்கள் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வதில் நட்டம் ஒன்றுமில்லை, ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நடைமுறையில் உள்ள வழி, புகைக்காதவர் என்ற தகுதியில் புதிய பாலிசி எடுப்பதுதான். எண்டோமென்ட், மணிபேக் போன்ற சேமிப்புப் பாலிசிகளில் பெரும்பாலும் புகைப்பவருக்கென்று தனி விகிதப் பட்டியல் இருப்பதில்லை என்பதால், இங்கே சொல்வதெல்லாம் டெர்ம் பாலிசியைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புகைப்பவரையும் புகைக்காதவரையும் இரண்டு வரிசையில் நிறுத்தும் வழக்கம் அறுபது ஆண்டுகள் பழையது. புகைப்பழக்கத்தின் தீமைகளைப் பற்றி அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 1964 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையைத் தொடர்ந்து, அதே ஆண்டில் ஸ்டேட் மியூச்சுவல் என்ற அமெரிக்க நிறுவனம் புகைக்காதவர்களுக்குக் குறைந்த பிரீமியத்தில் பாலிசி விற்கத் தொடங்கியது. அதன் பிறகு வந்த ஆய்வுகள் அந்த முடிவை உறுதிப்படுத்தின. பிரிட்டன் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2004இல் ரிச்சர்ட் டால் குழுவினர் வெளியிட்ட முடிவின்படி, விடாமல் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் நிறுத்தியவர்கள் அதில் மூன்று ஆண்டுகளையும், 50இல் நிறுத்தியவர்கள் ஆறு ஆண்டுகளையும், 40இல் நிறுத்தியவர்கள் ஒன்பது ஆண்டுகளையும் மீட்டார்கள். 30 வயதிலேயே விட்டவர்கள் ஏறக்குறைய முழுவதையும் மீட்டார்கள். தமிழ்நாட்டுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் 43,000 ஆண்களின் இறப்புகளை ஆராய்ந்து, வெ. கஜலட்சுமியும் ரிச்சர்ட் பெட்டோவும் மற்றவர்களும் 2003இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை, புகைப்பவர்களிடையே காசநோய் இறப்பு சுமார் நான்கு மடங்கு என்று காட்டியது. நம் ஊரில் புகை என்றவுடன் புற்றுநோய் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது, நுரையீரல் ஏற்கெனவே பலவீனப்பட்ட உடலில் வேறு பலவும் நுழைகின்றன.

இத்தனை நன்மை என்றால், நிறுத்திய மறுநாளே ஏன் சலுகை தருவதில்லை என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்கள் உண்டு. நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் மறுபடி பிடிக்கத் தொடங்குவது முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும்தான், ஓராண்டைத் தாண்டியவர் மறுபடி விழும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அடுத்து, உடல் மீள்வதற்கும் கால அவகாசம் தேவை. நிறுத்தி ஓராண்டில், புகையால் கூடுதலாக ஏற்பட்ட இதய நோய் ஆபத்து பாதியாகக் குறைகிறது, நுரையீரல் புற்றுநோயில் அந்த அளவு இறங்கப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு கோட்டை ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கேற்பக் கிழித்துக்கொள்கிறது. கடந்த 12 மாதங்களைப் பற்றி மட்டும் கேட்கும் நிறுவனம் உண்டு. 24 மாதம், மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று பின்னோக்கிப் போகும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே ‘ஓராண்டு போதும்’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது குறைந்தபட்ச அளவே தவிர, எல்லா இடத்திலும் செல்லும் விதியல்ல.

ஓராண்டைத் தாண்டிய பிறகும், எவ்வளவு பிடித்தீர்கள் என்ற கேள்வி வரும். மருத்துவர்கள் இதைப் ‘பேக்-இயர்’ என்ற அலகில் கணக்கிடுவார்கள்: நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு பிடித்தால் ஒரு பேக்-இயர். இதில் நம்மவர்கள் வழுக்கும் இடம் ஒன்றிருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு பாக்கெட் என்பது இருபது சிகரெட், நம் கடைகளில் வழக்கமாக வாங்குவது பத்து சிகரெட் உள்ள பாக்கெட். நாளுக்குப் பத்து வீதம் பதினைந்து ஆண்டுகள் என்றால் உங்கள் கணக்கு ஏழரைதான், பதினைந்து அல்ல. பரிசோதிக்கும் மருத்துவரிடம் ‘ஒரு பாக்கெட்’ என்று சொல்லாமல் ‘பத்து சிகரெட்’ என்று எண்ணிக்கையாகச் சொல்லுங்கள்.

‘புகைப்பவர்’ என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றும் சொல். காப்பீட்டுப் படிவத்தில் அதன் பொருள், புகையிலையையோ நிகோட்டினையோ எந்த வடிவில் பயன்படுத்துபவரும் என்பதாகும். பீடி, சுருட்டு மட்டுமல்ல, ஹான்ஸ், குட்கா, மூக்குப்பொடி, வெற்றிலையோடு சேர்த்து அடக்கிக்கொள்ளும் பன்னீர்ப் புகையிலை வரை எல்லாம் அதில் அடங்கும். இந்தியாவில் 2019இல் தடைசெய்யப்பட்ட மின்சிகரெட்டும் அப்படியே. இது வெறும் பிடிவாதம் அல்ல. 2016-17இல் நடந்த உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 10.7 விழுக்காட்டினர் புகைக்கிறார்கள், 21.4 விழுக்காட்டினர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். வாயில் அடக்குபவரை விட்டுவிட்டுப் புகைவிடுபவரை மட்டும் கேட்டால் பாதிக்கும் மேற்பட்டோர் தப்பிவிடுவார்கள். ‘எப்போதாவது, நண்பர்களோடு மட்டும்’ என்ற இடைநிலையும் இங்கே பொதுவாகக் கிடையாது. மாதம் ஒன்று பிடித்தாலும் பதில் ‘ஆம்’தான்.

பதிலைச் சரிபார்க்கும் கருவி கோட்டினின் பரிசோதனை. நிகோட்டின் உடலுக்குள் போனதும் கல்லீரல் அதைக் கோட்டினினாக மாற்றுகிறது. நிகோட்டின் என்ற பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றி அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது ஒரு சுவையான செய்தி. நிகோட்டினின் அளவு ரத்தத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும், கோட்டினின் பாதியாக 16 முதல் 20 மணி நேரம் பிடிக்கும் என்பதால் அதைத் தேடுகிறார்கள். கடைசியாகப் பிடித்துச் சில நாட்கள் ஆகியும் சிறுநீரில் அது தெரியும், நெடுநாள் நிறையப் பிடித்தவரிடம் இன்னும் கொஞ்சம் நீளும். காலையில் வீட்டுக்கு வரும் லேப் ஊழியர் அடையாள அட்டையைச் சரிபார்த்து, ரத்தம் எடுத்து, ஒரு சிறு குப்பியைக் கையில் கொடுப்பார். அந்தக் குப்பியில் சர்க்கரை, புரதம் ஆகியவற்றோடு இதுவும் பார்க்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. எல்.ஐ.சி. 2019இல் கொண்டுவந்த டெக்-டெர்ம் திட்டத்தின் விளக்கக் குறிப்பிலேயே, சிறுநீர்க் கோட்டினின் பரிசோதனையின் முடிவை வைத்துத்தான் புகைக்காதவர் விகிதம் வழங்கப்படும், மற்ற எல்லா நேர்வுகளிலும் புகைப்பவர் விகிதமே பொருந்தும் என்று வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. வீட்டில் வேறொருவர் பிடிக்கும் புகையைச் சுவாசித்ததால் மாட்டிக்கொள்வோமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அப்படி உடலில் சேர்வது மிகச் சிறிய அளவு, பரிசோதனையின் வரம்பை அது பொதுவாக எட்டுவதில்லை.

ஒருவாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பரிசோதனையில் தப்பிவிடலாம் என்பது இதிலிருந்து விளங்கும். அந்தத் தந்திரத்தை நிறுவனங்களும் அறியும். அதனால்தான் பரிசோதனையைவிடப் படிவத்தில் உங்கள் கையெழுத்தோடு இருக்கும் பதிலுக்கு அவர்கள் அதிக எடை தருகிறார்கள்.

இப்போது சூயிங்கம். அதில் புகையிலை இல்லை, ஆனால் நிகோட்டின் இருக்கிறது, ஆகவே கோட்டினினும் வரும். தோலில் ஒட்டும் பட்டையும் அப்படியே. புகைப்பழக்கத்தை நிறுத்த மருத்துவர்கள் தரும் புப்ரோபியான், வரெனிக்லின் போன்ற மாத்திரைகளில் நிகோட்டின் கிடையாது என்பதால் அவை இந்தப் பரிசோதனையில் தெரிவதில்லை. படிவத்தில் ‘புகையிலை’ என்று மட்டும் கேட்டிருந்தால் உங்கள் பதினான்கு மாதக் கணக்கு நிற்கும், ஆனாலும் சூயிங்கத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் பரிசோதனை முடிவும் பதிலும் ஒன்றுக்கொன்று முரண்பட்டு நிற்கும். ‘புகையிலை அல்லது நிகோட்டின் எந்த வடிவிலும்’ என்று கேட்டிருந்தால், உங்கள் கடிகாரம் கடைசி சிகரெட்டிலிருந்து அல்ல, கடைசி சூயிங்கத்திலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. அதாவது, அத்தகைய நிறுவனத்தைப் பொறுத்தவரை உங்கள் கணக்கு இன்றைக்குப் பூஜ்யம். இது அநியாயம் என்று நானும் நினைக்கிறேன், சூயிங்கம் மெல்லுபவரையும் சிகரெட் பிடிப்பவரையும் ஒரே தட்டில் வைப்பதில் மருத்துவ நியாயம் குறைவு. ஆனால் குப்பியில் இருக்கும் கோட்டினின் எதிலிருந்து வந்தது என்று சாதாரணப் பரிசோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. இதற்காகச் சூயிங்கத்தை நாளைக்கே தூக்கி எறிந்துவிட வேண்டாம். சில ஆயிரம் ரூபாய் பிரீமியத்துக்காக அவசரப்பட்டு மறுபடி சிகரெட்டில் போய் நின்றால் முதலுக்கே மோசம். மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

முகவர் சொன்ன யோசனைக்கு வருவோம். படிவத்தின் கேள்வியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ‘கடந்த 12 மாதங்களில்’ என்று கேட்டால், பதினான்கு மாதங்களுக்கு முன்பு விட்டவர் ‘இல்லை’ என்று எழுதுவது உண்மையான பதில்தான், அதில் குற்றமில்லை. ‘எப்போதாவது’ என்று கேட்டால் ‘ஆம்’ என்று எழுதி, அளவையும் விட்ட மாதத்தையும் குறிப்பிட வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிப் பொத்தாம் பொதுவாக ‘இல்லை’ போடுவது எங்கே போய் முடியும் என்பதை 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு சொல்கிறது. 2015இல் திருத்தப்பட்ட அந்தப் பிரிவின்படி, பாலிசி வழங்கப்பட்ட நாள், காப்பு தொடங்கிய நாள், காலாவதியான பாலிசி புதுப்பிக்கப்பட்ட நாள், ரைடர் (பாலிசியோடு இணைக்கும் கூடுதல் காப்பு) சேர்க்கப்பட்ட நாள் ஆகியவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து மூன்று ஆண்டுகள் கடந்த பிறகு எந்தக் காரணத்தைச் சொல்லியும் நிறுவனம் அந்தப் பாலிசியைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. மூன்று ஆண்டுகளுக்குள் என்றால், முக்கியமான தகவலை மறைத்ததாகவோ தவறாகச் சொன்னதாகவோ காட்டி மறுக்கலாம். மோசடி அல்லாத காரணத்தால் மறுத்தால், கட்டிய பிரீமியத்தை 90 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். ஒரு கோடி வரவேண்டிய இடத்தில் குடும்பத்துக்குக் கிடைப்பது அதுவரை கட்டிய சில ஆயிரங்கள் மட்டுமே.

மறைத்த செய்தி தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று நிறுவனம் நிரூபிக்க வேண்டும் எனவும் அதே பிரிவு சொல்கிறது. புகைப்பவருக்கும் அதிக விலையில் பாலிசி கொடுத்திருப்பார்கள் அல்லவா என்று ஒரு வழக்கறிஞர் வாதாட இடமுண்டு. ஆனால் கணவனை இழந்தவர் கையில் கோப்போடு நுகர்வோர் ஆணையத்தின் படியேறி நடத்த வேண்டிய வாதம் அது. முன்பு எடுத்த இன்னொரு பாலிசியைச் சொல்லாமல் விட்டதற்காகவே கிளெய்ம் மறுக்கப்பட்டதை, ரேகாபென் ரத்தோட் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் சரியென்றது. படிவத்தில் கையெழுத்திட்டவர் அதில் இருப்பதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அங்கும் அடிநாதம். நிரப்பியது முகவராக இருந்தாலும் கையெழுத்து உங்களுடையது.

மறைத்தது எப்படித் தெரியவரும் என்று கேட்பவர்கள், மருத்துவமனையின் கேஸ் ஷீட்டைப் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொள்வேன். காய்ச்சலுக்குச் சேர்ந்தாலும் பயிற்சி மருத்துவர் முதலில் கேட்பது ‘தம் அடிப்பீங்களா, எத்தனை வருஷமா?’ என்பதுதான். நீங்களோ உங்கள் மனைவியோ சாதாரணமாகச் சொல்லும் பதில், ‘15 ஆண்டுகளாகப் புகைப்பவர்’ என்று ஒரே வரியாக டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறிவிடும். விட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. மூன்று ஆண்டுகளுக்குள் வரும் கிளெய்ம் ஒவ்வொன்றிலும் புலனாய்வாளர் முதலில் தேடிப்போவது அந்தத் தாளைத்தான், இறப்பு சாலை விபத்தாக இருந்தாலும்கூட. ஆகவே விட்டவர்கள் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு: அடுத்த முறை குடும்ப மருத்துவரிடம் போகும்போது, ‘இன்ன மாதத்திலிருந்து நிறுத்திவிட்டார்’ என்று சீட்டில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேதியிட்ட அந்தச் சீட்டு, பின்னாளில் யாருடைய நினைவாற்றலையும்விட உறுதியான சாட்சி.

அடுத்தது பணக் கணக்கு. எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் ரசீதில் உள்ளதைப் போட்டு மாற்றிப் பாருங்கள். 60 வயது வரையிலான ஒரு கோடி பாலிசிக்குப் புகைப்பவராக ஆண்டுக்கு 26,000 ரூபாய் கட்டுகிறீர்கள் என்று வைப்போம். 39 வயதில் புகைக்காதவராகப் புதிதாக எடுத்தால் 18,500 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 7,500 மிச்சம், மீதியுள்ள 21 ஆண்டுகளில் 1,57,500 ரூபாய். வயது மூன்று கூடியும் இவ்வளவு மிச்சம் வருகிறது. ஆனால் இடையில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ தலைகாட்டியிருந்தால் புதிய நிறுவனம் அதற்குத் தனியாக லோடிங், அதாவது கூடுதல் பிரீமியம், போடும். 25 விழுக்காடு லோடிங் போட்டால் பிரீமியம் 23,125 ஆகிறது, மிச்சம் 2,875 மட்டுமே. 50 விழுக்காடு போட்டால் 27,750, அதாவது பழையதே மலிவு. புகையை விட்டவர்களுக்கு எடை கூடுவது சாதாரணம் என்பதால் இது வெறும் கற்பனைக் கவலை அல்ல. ஒப்பிடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு முந்தைய ரசீதில் 18 விழுக்காடு வரியும் சேர்ந்திருக்கும். அந்தத் தொகையோடு இன்றைய விலையை ஒப்பிட்டால், வரி குறைந்ததையும் புகையை விட்ட லாபமாக எண்ணிவிடுவீர்கள்.

ரூபாயில் வராத கணக்கு ஒன்றும் இருக்கிறது. உங்கள் பழைய பாலிசி மூன்று ஆண்டுகளைத் தாண்டிவிட்டது, 45ஆம் பிரிவின் முழுப் பாதுகாப்புக்குள் அது வந்துவிட்டது. புதிய பாலிசி எடுத்தால் அந்த மூன்று ஆண்டுகள் முதலிலிருந்து தொடங்கும், தற்கொலைக்கான ஓராண்டு விலக்கும் அப்படியே. ஆண்டுக்கு மூவாயிரம் மிச்சத்துக்காக நானாக இருந்தால் அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏழாயிரத்துக்கு மேல் என்றால், படிவத்தில் மறைக்க ஒன்றுமில்லாதவராக இருந்தால், மாறுவேன். அதே காரணத்தால், பழைய பாலிசியைக் காலாவதியாக விட்டு, பிறகு வேண்டுமென்று புதுப்பிப்பதும் நல்லதல்ல. புதுப்பிக்கும்போது உடல்நிலை உறுதிமொழி மறுபடி கேட்பார்கள், மூன்றாண்டுக் கடிகாரமும் திரும்பச் சுழலும்.

ஆகவே உங்கள் நிலையில் வரிசை இப்படி அமைய வேண்டும். முதலில் நிகோட்டின் சூயிங்கத்திலிருந்து வெளியே வாருங்கள், கடைசியாக மென்ற நாளைக் குறித்துவையுங்கள். அதிலிருந்து 12 மாதங்கள் கழிந்ததும், இரண்டு மூன்று நிறுவனங்களின் படிவங்களை வாங்கி, புகையிலைக் கேள்வியின் வாசகத்தை மட்டும் முதலில் ஒப்பிடுங்கள், பிரீமியத்தைப் பிறகு பார்க்கலாம். விண்ணப்பத்தில் பழைய பாலிசியின் எண்ணையும் தொகையையும் மறக்காமல் எழுதுங்கள், புதியது கிடைத்ததும் பழையதைக் கைவிடும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், உங்கள் வருமானத்துக்கு எவ்வளவு காப்பு தரலாம் என்று நிறுவனம் பார்க்கும்போது இரண்டும் சேர்ந்தே கணக்கில் வரும். அதுவரை பழைய பாலிசிக்கு ஒரு தவணைகூடத் தவறக் கூடாது. புதிய பாலிசிப் பத்திரம் வந்தவுடன் அதோடு இணைத்திருக்கும் முன்மொழிவுப் படிவத்தின் நகலைப் புரட்டி, புகையிலைக் கேள்விக்கு எதிரே நீங்கள் சொன்ன பதிலும் விட்ட மாதமும்தான் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால், பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் எழுத்தில் திருத்தம் கேளுங்கள், அந்த அவகாசத்துக்குள் பாலிசியையே திருப்பிக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அந்தத் திருத்தமும் கைக்கு வந்த பிறகுதான் பழைய பாலிசியின் அடுத்த தவணையைக் கட்டாமல் விட வேண்டும்.